46 சதவீதம் 50 ஆனால் அது முன்னேற்றமா?

கேள்வி: நான் ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளர். கர்ப்ப காலத்தில் இரும்புச் சத்து மாத்திரையை விடாமல் சாப்பிட்டவர்கள் எத்தனை பேர் என்று 2 ஆண்டுகளுக்கு முன் 400 தாய்மாரிடம் கேட்டோம். 46 சதவீதம் வந்தது. இந்த ஆண்டு வேறு 400 பேரிடம் கேட்டதில் 50 சதவீதம். இரண்டு முறையும் புதிதாகக் குலுக்கிப் போட்டு 20 கிராமங்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் 20 பேரைப் பார்த்தோம். "4 சதவீதம் கூடியிருக்கிறது" என்று அறிக்கையில் எழுதினேன். மேலாளரோ, "பிழை வரம்பே 5 சதவீதம், அதனால் மாற்றம் எதுவும் இல்லை" என்று அந்த வரியை அடித்துவிட்டார். யார் சொல்வது சரி?

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை. ஆனால் இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. மேலாளர் சொன்ன 5 எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்த்துவிடுவோம்.

மனக்கணக்கு ஒன்று போதும். கேட்ட ஆட்களின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் எடுத்து, 1-ஐ அதனால் வகுக்க வேண்டும். 400-க்கு வர்க்கமூலம் 20. 1-ஐ 20-ஆல் வகுத்தால் 0.05, அதாவது 5 சதவீதம். துல்லியமாகப் போட்டால் 4.9 வரும். விடை 50 சதவீதத்தை ஒட்டி இருக்கும்போது இந்தக் கணக்கு நன்றாகப் பொருந்தும். ஆக, உங்கள் 50 என்பது உண்மையில் 45-லிருந்து 55 வரை. அந்த நீளத்துக்குப் பெயர்தான் நம்பிக்கை இடைவெளி. அதில் பாதி நீளம் பிழை வரம்பு. மாவட்டத்தில் 10,000 தாய்மார் இருந்தாலும் 1 லட்சம் பேர் இருந்தாலும் 400 பேருக்கு இதே 5தான். வரம்பைப் பாதியாக்க வேண்டுமென்றால் நான்கு மடங்கு ஆட்கள், 1600 பேர் வேண்டும்.

இதனுடன் ஒட்டிக்கொண்டு வரும் "95 சதவீத நம்பிக்கை" என்பதுதான் பலரைக் குழப்புகிறது. பயிற்சி வகுப்புகளுக்கு நான் ஒரு வாளி புளியங்கொட்டை கொண்டுபோவேன். தாயம் ஆடத் தேய்ப்பதுபோல, பத்துக்கு நான்கு கொட்டைகளை ஒரு பக்கம் தரையில் தேய்த்து வெள்ளையாக்கி, மற்றவற்றோடு நன்றாகக் கலந்திருப்பேன். அந்த 40 சதவீதம் எனக்கு மட்டும்தான் தெரியும். 20 பேர் ஆளுக்கு 50 கொட்டைகளைப் பார்க்காமல் அள்ளி எண்ணுவார்கள். ஒருவருக்கு 17 தேய்த்த கொட்டை, அடுத்தவருக்கு 23, இன்னொருவருக்கு 20. பிறகு அவரவர் இடைவெளியைப் பலகையில் கோடாகப் போடச் சொல்வேன். 50 கொட்டைக்குப் பிழை வரம்பு 14. 17 கிடைத்தவருக்கு 34 சதவீதம்; அவர் கோடு 20-லிருந்து 48 வரை போகும், 40 அதற்குள் இருக்கும். 12 மட்டுமே கிடைத்தவருக்கு 24 சதவீதம். கோடு 38-இலேயே நின்றுவிடும்.

20 கோடுகளில் சராசரியாக ஒன்று இப்படித் தவறும். சில நாள் ஒன்றும் தவறாது, சில நாள் இரண்டு தவறும். அந்த 95 சதவீதம் இவ்வளவுதான். புள்ளியியல் அறிஞர் யெர்சி நேமன் 1937-இல் இந்த முறையை வகுத்தபோது கொடுத்த பொருளும் இதுதான்: 95 என்பது கோடு போடும் முறைக்குரியது, கையில் இருக்கும் ஒரு கோட்டுக்கு அல்ல. கோடு தவறியவர் எந்தத் தப்பும் செய்யவில்லை, மற்றவர்களைப் போலத்தான் அள்ளினார். நான் சொல்லும்வரை தன் கோடு தவறியது அவருக்குத் தெரியவும் தெரியாது. உங்கள் 400 பேரும் அப்படி ஒரு முறை அள்ளியதுதான்.

சரி, உங்கள் 4 புள்ளிக்கு வருவோம் (46 சதவீதத்துக்கும் 50 சதவீதத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் புள்ளி என்று சொல்கிறேன்). மேலாளர் செய்த பிழை, ஒரு சர்வேயின் வரம்பை இரண்டு சர்வேக்களின் வித்தியாசத்துக்குப் போட்டது. இரண்டு எண்களும் தனித்தனியே ஆடுகின்றன என்பதால் வித்தியாசத்தின் வரம்பு பெரியது: 4.9-ஐ 2-இன் வர்க்கமூலமான 1.4-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 7. ஆக, மாற்றம் −3-லிருந்து +11 வரை எங்கும் இருக்கலாம். 11 புள்ளி கூடியிருந்தாலும் இந்தத் தரவு வந்திருக்கும், 3 புள்ளி குறைந்திருந்தாலும் வந்திருக்கும். இதைப் பார்த்து "மாற்றமே இல்லை" என்று எழுதுவது, "கூடிவிட்டது" என்று எழுதுவதைப் போலவே தவறு.

இரண்டு இடைவெளிகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறினாலே வித்தியாசம் இல்லை என்று முடிவு கட்டுபவர்களும் உண்டு. 46 என்பது 54 ஆகியிருந்தால் இடைவெளிகள் 41–51, 49–59. இரண்டும் உரசுகின்றன. ஆனாலும் 8 புள்ளி என்பது 7-ஐத் தாண்டிவிட்டது, அது மாற்றம்தான். வித்தியாசத்துக்கு எப்போதும் தனிக் கணக்கு போடுங்கள்.

உங்கள் கேள்வியில் எனக்கு அதிகம் கவலை தந்தது வேறு ஒன்று: 20 கிராமம், கிராமத்துக்கு 20 பேர். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோமே, ஒரே உலையில் கொதித்ததால்தான் அது உண்மை. ஒரு கிராமத்துத் தாய்மாரும் பெரும்பாலும் ஒரே கிராம செவிலியரிடம், ஒரே அங்கன்வாடியில் மாத்திரை வாங்கியவர்கள். அவர் அக்கறையானவர் என்றால் ஊரே சாப்பிட்டிருக்கும். மாத்திரை வந்து சேரவில்லை என்றால் ஊரே சாப்பிட்டிருக்காது. நீங்கள் பதம் பார்த்தது 400 பானை அல்ல, 20 பானையில் 20 பருக்கை வீதம். ஓர் ஊர்க்காரர்களின் விடைகளில் உள்ள ஒற்றுமை மிதமாக இருந்தாலே, இப்படி ஊர் ஊராகக் கொத்தாக ஆட்களை எடுக்கும் கொத்து மாதிரியில் 400 பேர் 200 பேருக்குச் சமமாகிவிடுவார்கள். அப்போது ஒவ்வொரு சர்வேயின் வரம்பும் 7, வித்தியாசத்தின் வரம்பு 10. மாற்றம் −6-லிருந்து +14 வரை. தேசிய குடும்ப நல ஆய்வு அறிக்கைகளின் பின்னிணைப்பில் இந்தக் கொத்து விளைவையும் சேர்த்துத்தான் பிழைகளைக் கணக்கிட்டு அச்சிடுகிறார்கள்.

அதே ஆய்வில் உங்களுடையதைப் போலவே ஒரு வித்தியாசம் இருக்கிறது. இந்தியாவில் ரத்தசோகை உள்ள 15–49 வயதுப் பெண்கள் 2015-16 சுற்றில் 53.1 சதவீதம், 2019-21 சுற்றில் 57.0. இதுவும் கிட்டத்தட்ட 4 புள்ளிதான். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் சுமார் 7 லட்சம் பெண்கள். அங்கே அதைக் குலுக்கலின் தற்செயல் என்று ஒதுக்க முடியாது. அப்படியும் விவாதம் ஓயவில்லை. விரல் நுனியில் குத்தி எடுத்த ரத்தத் துளியின் அளவை நம்பலாமா, நாளத்திலிருந்து எடுத்திருக்க வேண்டாமா என்பதுதான் அது. பிழை வரம்பு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது. யாரை அள்ளினோம் என்பதில் உள்ள தற்செயலை மட்டும்தான் அது அளக்கிறது.

1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் யாருக்கு ஓட்டு என்று கேட்ட 'லிட்ரரி டைஜஸ்ட்' பத்திரிகைக்கு 20 லட்சத்துக்கு மேல் பதில் அட்டைகள் திரும்பி வந்தன. நம் மனக்கணக்குப்படி வரம்பு 0.1 சதவீதத்துக்கும் கீழே. ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் 57 சதவீதத்தோடு ஜெயிப்பார் என்றார்கள். ரூஸ்வெல்ட் சுமார் 61 சதவீதம் வாங்கி ஜெயித்தார். அட்டைகள் பெரும்பாலும் தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்களுக்குப் போயிருந்தன. பதில் எழுதியவர்களும் எல்லோரையும் போன்றவர்கள் இல்லை.

அதனால் ஒன்று கேட்கிறேன். இந்த முறை கேள்வி கேட்டபோது செவிலியர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாரா? மாத்திரை கொடுத்தவர் எதிரே இருக்கும்போது, "கசந்தது, குமட்டியது, பரணில் போட்டுவிட்டேன்" என்று எந்தப் பெண்ணும் சொல்ல மாட்டார். போன முறை அவர் இல்லாமல் இந்த முறை இருந்தால், 4 புள்ளியும் அதிலேயே வந்திருக்கலாம். தாள்களை எடுத்து, யார் யார் கூட இருந்தார்கள் என்று உங்கள் குழுவிடம் விசாரியுங்கள்.

அறிக்கையில் இப்படி எழுதலாம்: "விடாமல் சாப்பிட்டதாகச் சொன்னவர்கள் 46-லிருந்து 50 சதவீதம். மாற்றம் +4 புள்ளி. கிராமக் கொத்துகளையும் கணக்கில் எடுத்தால், 95 சதவீத நம்பிக்கை இடைவெளி ஏறத்தாழ −6 முதல் +14 வரை. கூடியதா என்று இந்த அளவு மாதிரியால் உறுதி செய்ய இயலவில்லை." முதல் பிரசவத் தாய்மார் மட்டும், குறிப்பிட்ட சமூகத்தார் மட்டும் என்று பிரித்துக் காட்டச் சொன்னால், 60 பேர் கொண்ட பிரிவுக்கு வரம்பு 13-க்குக் குறையாது என்பதையும் அங்கேயே எழுதிவிடுங்கள்.

அடுத்த சுற்றுக்கு 400 பேருக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், 40 கிராமங்களில் 10 பேர் வீதம் பாருங்கள். வண்டிச் செலவு கூடும். ஆனால் அதே ஒற்றுமைக் கணக்கில் வரம்பு 7-லிருந்து 6-க்கு இறங்கும். வித்தியாசத்தின் வரம்பை 4 புள்ளிக்காவது இறக்க வேண்டும் என்று மேலாளர் கேட்டால், குலுக்கல் வீடுவீடாக இருந்தாலே சுற்றுக்கு 1200 பேராவது வேண்டும், இப்போதுபோல கிராமத்துக்கு 20 பேர் என்றால் 2400. அந்த எண்ணைப் பட்ஜெட் போடும் முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள்.