சீட்டுக்காசு போனால் மனிசரில் உள்ள நம்பிக்கையும் போகவேணுமா?

மனிசரை நம்புறதை விடாதேங்கோ. கையெழுத்தில்லாமல் காசு குடுக்கிறதை விடுங்கோ. திருகோணமலை உப்புவெளியில் சீட்டுப் பிடிச்சவர் உங்கட காசைத் தராததும், "இனி ஒருத்தரையும் நம்பமாட்டன்" என்று நீங்கள் எனக்குக் கடிதத்தில் எழுதினதும் வேறு வேறு விஷயம்.

சீட்டு பெரும்பாலும் இப்படித்தான் முறியும்: முதலில் எடுத்த ஒருவர் கட்டாமல் விடுவார், பிடிச்சவர் அதை மறைக்க இன்னொரு சீட்டுத் தொடங்குவார், ஓட்டை பெருக்கும். பிழைதான், ஆனால் தொடக்கத்திலேயே போட்ட திட்டமாக இருக்கவேணும் என்றில்லை. சீட்டுக் கணக்குக் கொப்பியையும் வட்ஸ்அப் செய்திகளையும் கொண்டுபோய் பொலிசில் முறைப்பாடு குடுங்கோ.

பிறகு ஒரு கிழமைக்கு, உங்களை ஏமாத்த வாய்ப்பிருந்தும் ஏமாத்தாத ஆக்களை எழுதிக்கொண்டு வாங்கோ. மிச்சக்காசைத் தேடிவந்து தந்த பஸ் கொண்டக்டர், சூடைமீனை நிறுத்த பிறகும் நாலு மீன் கூடப் போட்ட மார்க்கெட்காரர், உங்கட வீட்டுத் திறப்பை வைச்சிருக்கிற பக்கத்து வீட்டம்மா. ஏமாத்தின ஒருவர் மனதை அடைச்சு நிற்கிறதால் இவர்கள் கணக்கில் வருவதேயில்லை.

2019இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 40 நாடுகளில் 17,000க்கு மேற்பட்ட பணப்பைகளை "கண்டெடுத்தது" என்று வங்கிகளிலும் ஹோட்டல்களிலும் இன்னும் பல பொது இடங்களிலும் குடுத்துப் பார்த்தார்கள். காசில்லாத பைகளைவிடக் காசிருந்த பைகள்தான் கூடுதலாக உரியவரைத் தேடி வந்தன. எனக்கு இது பெரிய விஷயம்.

அடுத்த சீட்டு ஐந்து பேருக்குள், போனாலும் தாங்கக்கூடிய தொகையில் இருக்கட்டும். எடுக்கிற ஒழுங்கை முதல் நாளே குலுக்கிப் போடுங்கோ. ஒவ்வொரு கட்டுக்காசுக்கும் பிடிக்கிறவரின் கொப்பி, கட்டுறவரின் கொப்பி இரண்டிலும் கையெழுத்து வேணும்.

நித்திரையும் சாப்பாடும் இரண்டு கிழமைக்கு மேல் குழம்பியிருந்தால் இதெல்லாம் போதாது. இலங்கையின் 1926 மனநல உதவி இலக்கத்துக்கு எடுங்கோ.