உலக ஜூனியர் ஐஸ் ஹாக்கி: சுங்கை சிப்புட்டிலிருந்து பின்தொடர்வது எப்படி?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். மகன் படிவம் நான்கு, பள்ளி ஹாக்கி அணியில் ஆடுகிறான். என் அக்காள் மகன் கனடாவில், எட்மன்டனில் வேலை செய்கிறார். இந்த டிசம்பர் கடைசியில் அங்கே உலக ஜூனியர் ஐஸ் ஹாக்கி நடக்கப்போகிறது என்று சொல்லி இவனுக்கு ஆசை காட்டிவிட்டார். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து பார்க்கப்போகிறேன் என்கிறான். விடலாமா? எதில் பார்ப்பது? எங்கள் வீட்டில் லைன் ஒரு நேரம் இருந்தால் இன்னொரு நேரம் இருக்காது. புல்தரை ஹாக்கி ஆடுகிறவனுக்கு இந்த ஆட்டம் புரியுமா? என்றாவது ஒரு நாள் அவனும் ஆட முடியுமா?

பதில்: மூன்று மணிக்கு எழுந்திருக்கத் தேவையே இல்லை, சகோதரி. அந்த நேரத்தில் நமக்கு வருவது அங்கே நண்பகல் பன்னிரண்டுக்குத் தொடங்கும் ஆட்டம் மட்டும்தான். டிசம்பரில் எட்மன்டனைவிட நாம் 15 மணி நேரம் முன்னால் இருக்கிறோம். அங்கே மாலை 4.30 என்றால் இங்கே மறுநாள் காலை 7.30. அங்கே இரவு 7 மணி ஆட்டத்தை நீங்கள் காலை 10 மணிக்குப் பசியாறிவிட்டு நிதானமாகப் பார்க்கலாம். இந்த முறை ஆட்டங்கள் எட்மன்டனிலும் ரெட் டீரிலும் நடக்கின்றன. இரண்டு ஊருக்கும் ஒரே நேரம்தான். ஐரோப்பாவில் நடக்கும் ஆண்டுகளில்தான் நமக்குத் திண்டாட்டம். 2024-இல் ஸ்வீடனின் கோதன்பர்க்கில் நடந்தபோது அவர்களுடைய இரவு ஆட்டமெல்லாம் நமக்கு நடுச்சாமத்துக்கு மேல்தான் வந்தது. கனடாவில் நடக்கும் ஆண்டு மலேசிய ரசிகருக்குக் கிடைத்த நல்ல ஆண்டு, விட்டுவிடாதீர்கள்.

நேரத்தைவிடத் தேதியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். போட்டி டிசம்பர் 26-இல் தொடங்கி ஜனவரி 5-இல் முடியும். "26 ராத்திரி ஆட்டம்" என்று உங்கள் அக்காள் மகன் சொன்னால் நீங்கள் 27 காலை என்று குறிக்க வேண்டும். அட்டவணை வந்ததும் மகனை உட்கார வைத்து, ஒவ்வொரு ஆட்டத்தையும் மலேசியத் தேதியிலும் நேரத்திலும் ஒரு தாளில் எழுதச் சொல்லிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். பிரிவு ஆட்டங்களின் கடைசி நாள் டிசம்பர் 31. அன்றைய மாலை ஆட்டங்கள் நமக்கு ஜனவரி 1 காலையில் வரும். பேராக்கில் அன்று பொது விடுமுறை. அந்தக் காலையை மட்டும் எப்படியாவது ஒதுக்கி வையுங்கள். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

மொத்தம் பத்து நாடுகள், ஐந்து ஐந்தாக இரண்டு பிரிவு. ஒவ்வொரு பிரிவிலும் முதல் நான்கு இடம் கால் இறுதிக்குப் போகும். கடைசியில் நிற்கும் இரண்டு நாடுகள் தங்களுக்குள் மோதி, தோற்கும் நாடு அடுத்த ஆண்டு கீழ்ப் பிரிவுக்கு இறங்கும். வயது வரம்பு இருபது. முடியும் ஆண்டை வைத்துத்தான் பெயர்; இது 2027 போட்டி என்பதால் 2007-இல் அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர்கள் மட்டுமே ஆட முடியும். 2023-இல் கனடாவின் கானர் பெடார்ட் ஏழு ஆட்டங்களில் 9 கோல் போட்டு, 14 கோலுக்குத் துணை நின்றார். அப்போது அவருக்கு வயது 17, உங்கள் மகனைவிட ஒரு வயதுதான் கூட. அதே ஆண்டு ஜூனில் வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்ஹெச்எல்லின் தேர்வில் சிகாகோ அணி முதல் ஆளாக அவரை எடுத்துக்கொண்டது.

நான் வற்புறுத்திச் சொல்வது ஒன்றுதான்: எல்லா ஆட்டத்தையும் துரத்தாதீர்கள். ஒரு பிரிவை எடுத்துக்கொண்டு அதன் ஐந்து அணிகளையும் முதல் நாளிலிருந்து பின்தொடருங்கள். பெரிய அணி ஆடும் நாளில் மட்டும் எட்டிப் பார்ப்பவருக்குக் கோல் தெரியும், கதை தெரியாது.

2025 போட்டியைப் பாருங்கள், ஒட்டாவாவில் நடந்தது. கனடா முதல் ஆட்டத்தில் பின்லாந்தை 4-0 என்று நொறுக்கியது. மறுநாள் லாட்வியா. யாரும் பொருட்படுத்தாத ஆட்டம். அது 2-2 சமநிலையில் பெனால்டி ஷாட் வரை போய், எரிக்ஸ் மடெய்கோ போட்ட கோலில் லாட்வியா ஜெயித்தது. இந்தப் போட்டியில் வழக்கமான 60 நிமிடத்துக்குள் ஜெயித்தால் 3 புள்ளி. கூடுதல் நேரத்திலோ பெனால்டி ஷாட்டிலோ ஜெயித்தால் 2, அப்படித் தோற்றவருக்கும் 1 உண்டு. ஆக அன்று கனடாவுக்கு ஒரு புள்ளி கிடைத்தது. பிறகு ஜெர்மனியை வென்றது, டிசம்பர் 31-இல் அமெரிக்காவிடம் 4-1 என்று தோற்றது. முடிவில் அமெரிக்கா 10, பின்லாந்து 8, கனடா 7.

இப்போது கணக்குப் போடுங்கள். லாட்வியாவை அந்தப் பெனால்டி ஷாட்டில் வென்றிருந்தாலே கனடாவுக்கும் 8 புள்ளி. இரண்டு அணிகள் சமமாக நின்றால் அவை நேருக்கு நேர் மோதிய ஆட்டத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். அதில் கனடா 4-0. இரண்டாம் இடம் கனடாவுக்கு வந்திருக்கும், கால் இறுதியில் சுலோவாக்கியாவைச் சந்தித்திருக்கும். மூன்றாம் இடத்துக்கு இறங்கியதால் செக் அணி எதிரே வந்தது; 4-3 என்று தோற்று, சொந்த மண்ணிலேயே கனடா வெளியேறியது. முதல் நாள் நான்கு கோல் வாங்கிய பின்லாந்தோ இறுதி ஆட்டம் வரை போய், கூடுதல் நேரத்தில்தான் அமெரிக்காவிடம் 4-3 என்று தோற்றது. அந்த லாட்வியா ஆட்டத்தைக் கவனித்திருந்தவருக்கு டிசம்பர் 31 ஆட்டத்தின் கனம் புரிந்திருக்கும். அதனால்தான் ஜனவரி 1 காலையை விடாதீர்கள் என்றேன்.

விதிகள் விஷயத்தில் புல்தரை ஹாக்கி ஆடுகிறவனுக்குப் பாதி ஆட்டம் முன்பே தெரியும். மாறுவது சில இடங்கள்தான். அவன் ஆடும் ஹாக்கியில் ஆஃப்சைட் கிடையாது, அதை 1990களிலேயே எடுத்துவிட்டார்கள். ஐஸ் ஹாக்கியில் உண்டு. எதிரணிப் பக்கத்து நீலக் கோட்டைப் பக் (பந்துக்குப் பதிலாக அடிக்கும் ரப்பர் வட்டு) தாண்டுவதற்கு முன் தாக்கும் அணியின் ஆள் எவரும் தாண்டியிருக்கக் கூடாது. ஆட்டம் ஏன் திடீர் திடீரென்று நிற்கிறது என்று முதல் நாள் அவன் கேட்பான். அதற்கு ஒரு காரணம் இது. மற்றொரு காரணம் ஐசிங். நடுக்கோட்டுக்குத் தன் பக்கமிருந்தே பக்கை அடித்து, எதிரணிக் கோல் கோட்டுக்கு அப்பால் யாரும் தொடாமல் ஓடவிட்டால் விசில் ஊதி, அடித்த அணியின் எல்லைக்கே ஆட்டத்தைத் திரும்பக் கொண்டுவருவார்கள்.

அவன் உன்னிப்பாகப் பார்க்க வேண்டியது பவர் பிளே, அதாவது எதிரணி ஆள் தண்டனையில் வெளியே இருக்கும் நேரம். பச்சை அட்டை காட்டினால் இரண்டு நிமிடம் வெளியே உட்காருவது அவனுக்குத் தெரியும். இங்கேயும் சிறு தவற்றுக்கு இரண்டு நிமிடம்தான், ஆனால் அதற்குள் எதிரணி கோல் போட்டுவிட்டால் தண்டனை அங்கேயே முடிந்து ஆள் உள்ளே வந்துவிடுவார். கோல்கீப்பர்கள் போக ஐவருக்கு எதிராக நால்வர் நிற்கும் அந்த நேரத்தில் பக்கைப் பார்க்காமல், பக் இல்லாத ஆட்கள் எங்கே போய் நிற்கிறார்கள் என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒருவர் கோல்கீப்பரின் கண்ணை மறைத்துக்கொண்டு நிற்பார், ஒருவர் நீலக் கோட்டருகே காத்திருப்பார். பெனால்டி கார்னர் பழகியவனுக்கு இது சட்டென்று பிடிபடும்.

இன்னொரு காட்சி அவனைக் குழப்பும். ஒரு கோல் பின்தங்கிய அணி கடைசி இரண்டு நிமிடத்தில் கோல்கீப்பரையே வெளியே அழைத்து, ஆறாவது ஆளாக ஒரு தாக்குதல்காரரை இறக்கும். அதனால் கடைசி நிமிடத்தில் காலி வலையில் ஒரு கோல் விழுந்து 3-2 ஆட்டம் 4-2 ஆகிவிடும். ஸ்கோரை மட்டும் பார்ப்பவர் சுலப வெற்றி என்று நினைத்துக்கொள்வார்.

லைன் பிரச்சினைக்கு வருகிறேன். கனடாவில் டிஎஸ்என், அமெரிக்காவில் என்ஹெச்எல் நெட்வொர்க் ஒளிபரப்புகின்றன. அந்தந்த நாட்டுக்கு வெளியே அவற்றின் நேரலை திறக்காது. அனைத்துலக ஐஸ் ஹாக்கி சம்மேளனத்தின் இணையத்தளத்தில் எந்த நாட்டில் எதில் பார்க்கலாம் என்று போட்டிக்கு முன் போடுவார்கள். டிசம்பர் நடுவில் அதைப் பார்த்துவிடுங்கள். இலவச நேரலை என்று வாட்ஸ்அப்பில் வரும் இணைப்புகளை மட்டும் மகன் தொடக் கூடாது. வங்கி அட்டை எண் கேட்டால் அந்தப் பக்கத்தை உடனே மூடச் சொல்லுங்கள்.

நேரலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், உங்கள் வீட்டு லைனுக்கு ஏற்ற வழி சம்மேளனத்தின் தளத்திலும் செயலியிலும் வரும் நிமிடவாரிக் குறிப்புதான். எழுத்து மட்டும் என்பதால் டேட்டா அதிகம் தின்னாது, லைன் போய் வந்தாலும் விட்ட இடத்திலிருந்து படிக்கலாம். படிக்கத் தெரிந்துகொண்டால் அதுவே ஒரு சுகம். கோலுக்குப் பக்கத்தில் "பிபி1" என்று இருந்தால் ஓர் ஆள் கூடுதலாக இருந்தபோது போட்டது. "எஸ்எச்1" என்றால் ஓர் ஆள் குறைவாக இருந்தும் போட்டது, அந்த வீரரின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். குறிப்பில் நேரம் பூஜ்யத்திலிருந்து 60 வரை ஏறும். கனடா ஒளிபரப்பில் ஒவ்வொரு 20 நிமிடப் பகுதியும் இறங்கும். குறிப்பில் 58:30 என்றால் திரையில் 1:30 என்று இருக்கும். அக்காள் மகனோடு போனில் பேசும்போது இதனால் குழம்பாதீர்கள். பிறகு, லைன் நன்றாக இருக்கும் நேரத்தில் சம்மேளனத்தின் யூடியூப் பக்கத்தில் சில நிமிடத் தொகுப்பைப் பார்த்தால் படித்ததெல்லாம் கண்ணுக்கு வந்துவிடும்.

இறுதி ஆட்டத்தன்று மட்டும் முழு டேட்டாவோடு இருங்கள். நமக்கு அது ஜனவரி 6 காலை. சமநிலை என்றால் பெனால்டி ஷாட் கிடையாது. மூவருக்கு மூவர், 20 நிமிடப் பகுதிகளாக, ஒரு கோல் விழும்வரை ஆடுவார்கள்.

அவன் ஆட முடியுமா? முடியும், தூரம்தான் தடை. 2017 கோலாலம்பூர் சீ விளையாட்டுப் போட்டியில் ஐஸ் ஹாக்கி முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. பனியே விழாத பிலிப்பைன்ஸ்தான் தங்கம் வென்றது. கோலாலம்பூர் பக்கம் சன்வே பிரமிட் பேரங்காடியில் ஒரு பனித்தளம் உண்டு, உங்களுக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் பயணம். விடுமுறையில் கோலாலம்பூர் உறவினர் வீட்டுக்குப் போகும்போது ஒரு நாள் கூட்டிப்போங்கள். சறுக்குக் காலணி அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். கணுக்காலுக்கு மேல் வரும் கனமான காலுறை, ஒரு கையுறை, முழுக்கைச் சட்டை எடுத்துப் போகட்டும். முதல் நாள் கட்டையைத் தொட வேண்டாம், நிற்கவும் திரும்பவும் நிறுத்தவும் பழகினால் போதும். ஊரில் இருக்கும்போது ஒரே வரிசைச் சக்கரம் வைத்த ரோலர் காலணியில் பழகினால் அதே சமநிலை காலுக்கு வரும். தலைக்கவசமும் முழங்கால் காப்பும் இல்லாமல் மட்டும் விடாதீர்கள்.