ராஷ்ஃபோர்டும் பள்ளி உணவும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இங்கிலாந்துக் கால்பந்து வீரர் மார்கஸ் ராஷ்ஃபோர்டைப் போகிறபோக்கில் புகழ்ந்திருந்தீர்கள். வாரம் லட்சக்கணக்கில் பவுண்டு வாங்குகிறவர் ஏழைப் பிள்ளைகளுக்குச் சோறு போட நினைத்தால் தன் காசைப் போட வேண்டியதுதானே? அரசாங்கத்தைக் கேட்பதற்குப் பெயர் சேவையா? அந்த அரசியலில் கவனம் சிதறித்தான் ஆட்டமும் போயிற்று என்கிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கே.

அன்புள்ள கே.,

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 2020இல் இங்கிலாந்தில் இலவசப் பள்ளி உணவுக்குத் தகுதியான பிள்ளைகள் ஏறத்தாழ 13 லட்சம். கோடை விடுமுறையிலும் அவர்களுக்கு அரசு உணவுக் கூப்பன் தர வேண்டும் என்பதுதான் ராஷ்ஃபோர்ட் கேட்டது. தலைக்கு வாரம் 15 பவுண்டு, விடுமுறை ஆறு வாரம். பெருக்கினால் 12 கோடி பவுண்டை நெருங்குகிறது. எந்தப் பந்தாட்டக்காரரின் சம்பளமும் இதற்குக் காணாது. அவர் சும்மாவும் இருக்கவில்லை. ஃபேர்ஷேர் என்ற உணவு விநியோக அமைப்புடன் சேர்ந்து நிதி திரட்டினார். ஆனால் இந்தத் தொகையை அரசாங்கத்திடம்தான் கேட்க முடியும்.

அவர் கேட்ட விதம்தான் எனக்கு முக்கியம். ஜூன் 15 அன்று எம்.பி.க்களுக்கு எழுதிய பகிரங்கக் கடிதத்தில் வள்ளல் பேசவில்லை, அந்த உணவைச் சாப்பிட்டு வளர்ந்த பையன் பேசினான். மான்செஸ்டரின் விதென்ஷாவில் ஐந்து பிள்ளைகளைத் தனியாளாக வளர்த்தவர் அம்மா மெலனி. அம்மா முழுநேரம் உழைத்தும் கையில் வந்தது குறைந்தபட்சக் கூலிதான். காலையில் பள்ளியில் தரும் சிற்றுண்டி, மதியம் இலவச உணவு, மற்ற வேளைக்கு அக்கம்பக்கத்தாரும் பயிற்சியாளர்களும். ஏழு வயதில் மான்செஸ்டர் யுனைடெட் கிளப்பின் இளையோர் அகாடமியில் சேர்ந்தவரை, வழக்கத்துக்கு ஓராண்டு முன்பே, பதினொரு வயதில், கிளப் ஏற்பாடு செய்யும் தங்குமிடத்தில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி மல்லுக்கட்டியதும் அம்மாதான். அங்கே போனால் பிள்ளைக்கு வேளாவேளைக்குச் சோறாவது கிடைக்கும்.

கடிதம் வெளியான மறுநாளே அன்றைய பிரதமர் போரிஸ் ஜான்சனின் அரசு இறங்கி வந்து, கோடைக்கும் கூப்பன் தர ஒப்புக்கொண்டது.

கவனச் சிதறலுக்கு வருகிறேன். அதே ஆண்டு அக்டோபரை எடுத்துக்கொள்ளுங்கள். 20ஆம் தேதி பாரிஸில் பி.எஸ்.ஜி. கிளப்புக்கு எதிராக 87ஆவது நிமிடத்தில் வெற்றி கோல். 21ஆம் தேதி, விடுமுறைக் கால உணவை நீட்டிக்கும் தீர்மானம் நாடாளுமன்றத்தில் 322க்கு 261 என்று தோற்றது. அடுத்த சில நாட்கள் அவருடைய ட்விட்டர் பக்கம், பிள்ளைகளுக்கு இலவசமாகச் சாப்பாடு தர முன்வந்த கஃபேக்கள், சின்னச் சின்ன உணவகங்களின் பட்டியலாகவே ஓடியது. அந்த வாரம்தான் ஃபேர்ஷேர் தன் கிடங்கு ஒன்றுக்கு மெலனியின் பெயரை வைத்தது. 28ஆம் தேதி ஜெர்மன் கிளப்பான லைப்சிக்குக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக இறங்கி மூன்று கோல் போட்டார். நவம்பரில் அரசு இரண்டாம் முறையும் பணிந்தது. இதுதான் கவனச் சிதறல் என்றால், எல்லாக் கோச்சுகளும் தம் ஆட்களுக்கு அதைக் கேட்டு வாங்குவார்கள்.

2022-23 சீசனில் யுனைடெட்டுக்காக 30 கோல் அடித்தார். சரிவெல்லாம் அதற்குப் பிறகுதான்: யுனைடெட்டின் அப்போதைய பயிற்சியாளர் ரூபன் அமோரிம் ஓரங்கட்டியது, 2025இல் முதலில் ஆஸ்டன் வில்லாவுக்கும் பிறகு பார்சிலோனாவுக்கும் லோனில் போனது. பந்தைப் பறிகொடுத்தபின் நடந்தே திரும்பிய ஆட்டங்களுக்காக அவரைத் தாராளமாகத் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். அதற்கு 2020ஐ ஏன் இழுக்க வேண்டும்?