கயிறு தோளிலா, தலையிலா? (வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: உயர்தரம் படிக்கிறேன். டியூஷனில் உட்கார்ந்தால் கை சும்மா இருக்காது, கொப்பி ஓரமெல்லாம் இலை, குருவி, சேரின் மூக்கு என்று கீறி வைத்துவிடுகிறேன். அம்மா ஏசுகிறார். தோழிகள் காட்டச் சொல்லிக் கேட்கிறார்கள், எனக்கோ வெட்கம். என்ன செய்வது?
– ஒரு வாசகி, ஹட்டன்

பதில்: சேரின் மூக்கை மட்டும் சேரிடமிருந்து காப்பாற்றுங்கள், மற்றதைச் சமாளிக்கலாம். அம்மாவிடம் சொல்ல ஒரு ஆய்வு இருக்கிறது. இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழக உளவியலாளர் ஜாக்கி ஆன்ட்ரேட், 40 பேரைச் சலிப்பூட்டும் ஒரு தொலைபேசிப் பதிவைக் கேட்க வைத்தார். கேட்டுக்கொண்டே தாளில் இருந்த வடிவங்களை நிரப்பியவர்களுக்கு, சும்மா கேட்டவர்களைவிட 29 சதவீதம் கூடுதலாக நினைவிருந்ததாம் (2009இல் வெளியானது). ஆனால் அவர்கள் கட்டங்களையும் வட்டங்களையும்தான் தீட்டினார்கள், மூக்கு கீறவில்லை. அதையும் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள், பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது.

வெட்கம் என்றால், நானும் கொப்பியை ஒளித்து வைத்தவன்தான். ஒருநாள் தலவாக்கலையில் பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரம் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண் ஒருவரைக் கீறிக்கொண்டிருந்தேன், பக்கத்தில் நின்ற அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, கூடைக் கயித்தத் தோள்ல மாட்டியிருக்கீங்க, ஸ்கூல் பேக்கா?" என்றார். சிரித்துக்கொண்டே பேனையை வாங்கி, தலையில் மடித்துப் போட்ட துணி, அதன் மேலே கயிறு, இடுப்பில் சுற்றிக் கட்டும் தடித்த படங்கு என்று ஒவ்வொன்றாகக் கீறினார். கோடெல்லாம் நடுக்கம்தான், ஆனால் கயிறு தலைக்கு வந்ததும் அதுவரை சும்மா நின்ற என் பெண்ணுக்குக் கூடையில் பாரம் ஏறிவிட்டது. "இப்ப பாதிப் பேர் பையிலதான் போடுறாங்க, அதையும் கீறுங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போனார். நான் ஒளித்தே வைத்திருந்தால் அந்தக் கயிறு இன்றும் தோளில்தான் தொங்கிக்கொண்டிருக்கும். காட்டுங்கள், கையோடு பேனையையும் கொடுங்கள்.

கேள்வி: ஸ்கெட்ச் புக் விலை கையைக் கடிக்கிறது. மழையில் மையும் பரவுகிறது. வழி சொல்லுங்கள்.
– ஒரு வாசகர், பண்டாரவளை

பதில்: கோடு போடாத சாதாரணக் கொப்பி போதும். ஜெல் பேனை வேண்டாம், மழைத்துளி பட்டால் ஊறிவிடும். சாதாரணப் பந்துமுனைப் பேனையின் மை எண்ணெய் கலந்தது, அவ்வளவு சீக்கிரம் கரையாது. கொப்பியை ஒரு பொலித்தீன் பையில் போட்டுக்கொள்ளுங்கள், நம் மூட்டத்துக்குப் பையில் இருக்கும் தாள்கூட நமுத்துப்போகும். விலை உயர்ந்த கொப்பி என்றால் அடுத்தவர் கையில் கொடுக்கவும் மனம் வராது, அது இன்னொரு தொல்லை.

தெமோதர ஒன்பது வளைவுப் பாலத்தைக் கீறிய கொப்பியை ரயிலில் ஒரு பொடியன் வாங்கிப் பார்த்தான். 1921இல் கட்டிய பாலம், கல், செங்கல், சீமெந்து என்று நான் பெரிய விளக்கம் கொடுத்துக்கொண்டிருக்க, அவன் விரல் வைத்து எண்ணி "எட்டுத்தான் இருக்கு மாமா" என்றான். பேனையைக் கொடுத்தேன். ஒன்பதாவது வளைவு மற்ற எட்டையும்விடப் பெரியது, அதற்குள் ஒரு நாய் படுத்திருக்கிறது.