21 நாள் கணக்கு

கேள்வி: தினமும் அரை மணி நேரம் நடப்பது, பத்துப் பக்கம் படிப்பது என்று பொங்கலன்று ஆரம்பித்தேன். 21 நாளில் பழகிவிடும் என்றார்கள். 25ஆம் நாள் ஊருக்குப் போனேன், அதோடு போச்சு. கோளாறு என்னிடமா?
- வாசகி, திருப்பூர்

பதில்: கோளாறு அந்த 21இல்தான். அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் மேக்ஸ்வெல் மால்ட்ஸ், நோயாளிகளுக்குப் புது முகம் பழக குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று 1960இல் எழுதினார். 'குறைந்தது' என்ற சொல் வழியில் எங்கோ விழுந்துவிட்டது, அப்புறம் எல்லாப் பழக்கத்துக்கும் அதுவே கெடு. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்ததில், ஒரு செயல் தானாக வர சராசரியாக 66 நாள் பிடித்தது, சிலருக்கு 18, சிலருக்கு 254 நாள்கூட ஆகும் என்று கணக்கு வந்தது. நடுவில் ஒரு நாள் விட்டதால் பெரிதாக ஒன்றும் கெடவில்லை.

ஆக, ஊரிலிருந்து வந்த மறுநாளே நடந்திருக்கலாம், சரி விடுங்கள். இப்போதைக்கு நடை மட்டும் போதும், அதுவும் பத்தே நிமிடம். காலைக் காபி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்ததும் செருப்பை மாட்டுங்கள், நேரம் பார்க்காதீர்கள். புத்தகம்? ஆடி மாதம் பார்த்துக்கொள்ளலாம்.