மகள் நீதிபதியாக, நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: என் மகள் இந்த ஆண்டுதான் சட்டப் படிப்பை முடித்தாள். உரிமையியல் நீதிபதி தேர்வுக்குச் சென்னையில் தங்கிப் படிக்க விரும்புகிறாள். பயிற்சிக் கட்டணம் 70,000 ரூபாய். விடுதிக்கு மாதம் 10,000 வீதம் 18 மாதங்கள். கணவர் இல்லை. குடும்ப ஓய்வூதியம் 19,000 ரூபாய் வருகிறது. என் 11 பவுன் நகையை அடகு வைத்து இரண்டரை லட்சம் வாங்கலாமா?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: வேண்டாம் அம்மா. மகளின் ஆசை நல்ல ஆசை. ஆனால் இந்தப் பணத்துக்கு இது நேரமல்ல.

உரிமையியல் நீதிபதி பணிக்கு விண்ணப்பிக்கக் குறைந்தது 3 ஆண்டுகள் வழக்கறிஞராகப் பணியாற்றியிருக்க வேண்டும் என்று 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்படியென்றால், இப்போது பணம் கட்டிப் படிப்பதை உங்கள் மகள் 3 ஆண்டு கழித்துத்தான் எழுத முடியும். இரண்டரை லட்சத்துக்கு 9 சதவீதம் என்று வைத்தாலும் ஆண்டுக்கு 22,500 ரூபாய் வட்டி. 3 ஆண்டில் 67,500. பயிற்சிக் கட்டணத்தை இன்னொரு முறை கட்டியது போலாகிவிடும். நகைக்கடனைப் பெரும்பாலும் 12 மாதத்தில் திருப்ப வேண்டும் அல்லது வட்டியைக் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். 19,000 ரூபாயில் எங்கிருந்து கட்டுவீர்கள்?

தேர்வு அறிவிக்கைக்கோ இப்படிக் கெடு கிடையாது. டிஎன்பிஎஸ்சி 2019-இல் 176 இடங்களுக்கு அறிவித்தது. 245 இடங்களுக்கான அறிவிக்கை வந்தது 2023-இல். என்னைப் பார்க்க வந்த ஒரு தந்தை, சட்டைப் பையிலிருந்து அடகுச் சீட்டை எடுத்து மேசைமேல் விரித்தார். மடிப்புகள் கிழியத் தொடங்கியிருந்தன. பின்பக்கத்தில் நான்கு முறை புதுப்பித்த தேதிகள். கூடவே ஏல அறிவிப்புக் கடிதம். மகன் அப்போதும் படித்துக்கொண்டுதான் இருந்தான். அந்த நிலைக்கு நீங்கள் போகக் கூடாது. அந்த 11 பவுன்தான் உங்கள் முதுமைக்கான கையிருப்பு.

மகள் முதலில் வழக்கறிஞராகப் பதிவு செய்யட்டும். 2024 ஜூலையில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு பதிவுக் கட்டணம் 750 ரூபாய்தான்; பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 125 ரூபாய். பாளையங்கோட்டை நீதிமன்றத்தில் ஒரு நல்ல சீனியரிடம் சேரட்டும். இளம் வழக்கறிஞர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, பிற மாவட்டங்களில் 15,000 உதவித்தொகை தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் கூறியது. எல்லா அலுவலகங்களிலும் அது கிடைப்பதில்லை. சேரும் முன்பே கேட்டுவிடுங்கள்.

இந்த 3 ஆண்டுகள் வீணல்ல. முதன்மைத் தேர்வில் சாட்சியத்தையும் ஆவணங்களையும் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மொழிபெயர்க்க வேண்டும், எழுவினாக்களை, அதாவது வழக்கில் நீதிமன்றம் முடிவு செய்ய வேண்டிய கேள்விகளை, வனைய வேண்டும், தீர்ப்பு எழுத வேண்டும். தினமும் நீதிமன்றத்தில் உட்கார்ந்து கேட்பவருக்கு இவை கைப்பழக்கமாகவே வந்துவிடும்.

மாதம் 3,000 ரூபாய்க்கு ஒரு தொடர் வைப்பு தொடங்குங்கள். 36 மாதங்களில் அசல் மட்டும் 1,08,000 சேரும். கடைசி ஆறு மாதம் பயிற்சி தேவைப்பட்டால் அதுவே போதும். அப்போதும் அறிவிக்கையில் தகுதிப் பகுதியைப் படித்த பிறகே பணம் கட்டுங்கள்.

இன்னொன்று. ஆஜராகும் வழக்குகளின் எண்களையும் தேதிகளையும் முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டில் எழுதி வரச் சொல்லுங்கள். தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போது, அவள் பணியாற்றியதற்கு 10 ஆண்டு அனுபவமுள்ள வழக்கறிஞர் சான்று தர வேண்டும், அதில் நீதித்துறை அதிகாரி மேலொப்பமிட வேண்டும். அன்று அந்த நோட்டைத்தான் தேடுவாள்.