மாங்காயால் மாங்காயை அடித்தால்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, தருமபுரியில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். பாசிட்ரான் என்பது எலக்ட்ரான் மாதிரியேதான், நிறை ஒன்று, மின்னூட்டம் மட்டும் நேர்மாறு என்று படித்தோம். அப்படியென்றால் ஒரு மூலக்கூறை எதைக் கொண்டு அடித்து, அதாவது அதிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கி, அயனியாக்கினால் என்ன? விடை ஒன்றாகத்தானே வரவேண்டும்?
– மாணவி, பாலக்கோடு

பதில்: வேகமாக அடித்தால் நீ சொல்வது சரிதாம்மா. ஆயிரக்கணக்கான எலக்ட்ரான் வோல்ட் (மிகச் சிறிய ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றலோடு வந்தால் இரண்டும் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பறந்துவிடும், அயனியாக்க அளவும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். மெதுவாக வரும்போதுதான் இரண்டின் குணமும் வேறு வேறு என்று தெரிகிறது.

மாந்தோப்பில் கீழே கிடக்கிற காயை எடுத்து வீசி மரத்துக் காயை விழவைத்திருப்பாய். இரண்டும் தரையில் கிடக்கும்போது எது வீசியது, எது விழுந்தது? மாங்காயிலாவது காம்பில் பால் வடிவதைப் பார்த்துச் சொல்லிவிடலாம், எலக்ட்ரானில் அந்த வழியும் கிடையாது, வந்ததையும் வெளியேறியதையும் பிரிக்கவே முடியாது, அதனால் கணக்கில் பரிமாற்றம் என்று ஓர் உறுப்பைச் சேர்த்தே ஆகவேண்டும். பாசிட்ரான் கல் மாதிரி. கல் வேறு, காய் வேறு. பரிமாற்றத்துக்கு வேலை இல்லை.

அதற்காகக் கணக்கு சுலபம் என்று நினைத்துவிடாதே. அணுக்கரு எலக்ட்ரானை இழுக்கும், பாசிட்ரானைத் தள்ளும். ஆனால் எது நெருங்கி வந்தாலும் மூலக்கூறின் எலக்ட்ரான் மேகம் கொஞ்சம் கோணிக்கொள்ளும், அந்த முனைவாக்க விசை இரண்டையுமே இழுக்கும். எலக்ட்ரானுக்கு இரண்டு இழுப்பும் சேர்ந்துகொள்கின்றன, பாசிட்ரானுக்கோ தள்ளுதலும் இழுப்பும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. மிச்சம் எவ்வளவு என்று கணக்கிடுவதுதான் பெரும்பாடு.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இனிமேல்தான். நைட்ரஜன் மூலக்கூறிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்க 15.6 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். அடிக்க வருவது எலக்ட்ரான் என்றால் அதற்குக் குறைந்து கொண்டுவந்தால் நடக்காது. பாசிட்ரானுக்கு 8.8 போதும்! பிடுங்கிய எலக்ட்ரானைத் தனியே விடாமல் அது தன்னோடு கூட்டிக்கொண்டு போகிறது. அந்த ஜோடிக்குப் பாசிட்ரோனியம் என்று பெயர், 1951-இல் மார்ட்டின் டாய்ச் கண்டறிந்தார். ஹைட்ரஜன் அணுவில் புரோட்டானை எடுத்துவிட்டுப் பாசிட்ரானை வைத்தது போல இருக்கும். இரண்டும் சேரும்போது 6.8 எலக்ட்ரான் வோல்ட் கிடைக்கிறது, 15.6-இல் அது கழிந்துவிடுகிறது. ஆனால் ஆயுள் ரொம்பக் குறைவு. இரண்டின் தற்சுழற்சியும் ஒரே பக்கம் இருந்தால் 142 நானோ நொடி, எதிரெதிராக இருந்தால் 0.125 நானோ நொடி, அதற்குள் இரண்டும் அழிந்து காமா கதிராகிவிடும்.

அந்த 8.8-க்குச் சற்றுக் கீழே, 8.6-இல், நைட்ரஜனைக் கிளர்வுற வைக்கும், அதாவது எலக்ட்ரானைப் பிடுங்காமல் உள்ளேயே உயர்ந்த ஆற்றல் நிலைக்கு ஏற்றும் வழி ஒன்று இருக்கிறது. அந்தச் சின்ன இடைவெளியை நம்பித்தான் பாசிட்ரான்களைப் பிடித்து வைக்கும் பொறிகளில் நைட்ரஜன் வாயுவை நிரப்புகிறார்கள்: மோதி, ஆற்றலை இழந்து, பாசிட்ரோனியமாகித் தப்பாமல் உள்ளேயே தங்கிவிடும்.

அப்புறம் இன்னொன்று. மிக மெதுவாக வரும் பாசிட்ரான் மூலக்கூறின் ஓர் எலக்ட்ரானோடு சேர்ந்து நேரடியாகவே அழிந்துபோகலாம், அப்போதும் அயனி மிஞ்சும். இதற்குக் குறைந்தபட்ச ஆற்றல் என்று எதுவுமே கிடையாது. எலக்ட்ரானுக்கு இந்த வழியே இல்லை.

கேள்வி: அண்ணா, வீட்டில் அவர்களுக்குப் பெங்களூரில் பெட் ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். உடம்புக்குள் எதிர்ப்பொருளை விடுவார்கள் என்று படித்ததிலிருந்து தூக்கமே இல்லை.
– கிருஷ்ணகிரி வாசகர்

பதில்: தைரியமாகக் கூட்டிக்கொண்டு போங்க தம்பி. ஊசியில் போவது ஃபுளோரின்-18 சேர்த்த ஒருவகைச் சர்க்கரை. அதன் அரை ஆயுள் 110 நிமிடம், அதாவது கிருஷ்ணகிரியில் பஸ் ஏறிப் பெங்களூர் போய் இறங்குகிற அளவு நேரத்தில் ஏறக்குறைய பாதி சிதைந்து போய்விடும். அதிலிருந்து கிளம்பும் பாசிட்ரான்தான் நீங்கள் படித்த எதிர்ப்பொருள். அது சுமார் ஒரு மில்லிமீட்டர் தூரத்துக்குள் ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளை, பெரும்பாலும் தண்ணீர் மூலக்கூறுகளை, அயனியாக்கி வேகம் இழந்து, கடைசியில் ஓர் எலக்ட்ரானோடு சேர்ந்து அழிகிறது. அப்போது 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கொண்ட இரண்டு காமா கதிர்கள் ஏறக்குறைய நேரெதிர்த் திசைகளில் கிளம்பும், சுற்றியிருக்கும் வளையம் அவற்றைப் பிடித்துப் படமாக்கும். கதிர்வீச்சு கொஞ்சம் உண்டுதான், நோயைத் தெரிந்துகொள்வதன் பயனை எடைபோட்டுத்தான் மருத்துவர் எழுதுகிறார். எடுத்த பிறகு நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்க. சில மணி நேரம் கைக்குழந்தையையும் கர்ப்பிணிகளையும் நெருங்க வேண்டாம் என்பார்கள், அதை மட்டும் தவறாமல் கேளுங்க.

கேள்வி: கடை டியூப்லைட் இரண்டு ஓரமும் கறுத்துப்போய் மினுக்கிக்கொண்டே இருக்கிறது. ஏன்?
– கடைக்காரர், காவேரிப்பட்டணம்

பதில்: இதுவும் எலக்ட்ரான் அடிதான். குழாய்க்குள் ஓடும் எலக்ட்ரான்கள் பாதரச ஆவியையும் ஆர்கானையும் அயனியாக்குகின்றன, பாதரசத்துக்கு 10.4, ஆர்கானுக்கு 15.8 எலக்ட்ரான் வோல்ட். அந்த அயனிகள் திரும்பி வந்து ஓரத்து இழையை அடிக்க அடிக்க, எலக்ட்ரானை வெளியே விடுவதற்காக இழைமேல் பூசிய பூச்சு பெயர்ந்து கண்ணாடியில் படிகிறது. நீங்கள் பார்க்கும் கறுப்பு அதுதான். பூச்சு தீர்ந்துகொண்டிருக்கிறது. ஸ்டார்ட்டரை மாற்றிப் பாருங்கள், அதற்கும் மினுக்கினால் குழாயையே மாற்றிவிடுங்கள்.